புல்லட்டின் உதறலும் பட்டறை வைத்தியமும்

சென்ற முறை கிணற்றடி ஆயில் என்ஜின்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் சிலர், "அதே மாதிரி ஒற்றை சிலிண்டர்தானே நம்ம புல்லட்டும், அதைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். எழுத வேண்டியதுதான். நான் 1978 முதல் 2003 வரை, இருபத்தைந்து வருடம், ஒரே புல்லட்டில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் களப்பணிக்காகச் சுற்றியவன். வாங்கும்போதே அது பழைய வண்டி. ஆனால் இந்தப் பதிவு என் வண்டியைப் பற்றியது மட்டும் அல்ல. அந்த வண்டிகளின் அதிர்வை எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் எப்படிப் படித்தார்கள், எப்படி நோய் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பற்றியது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தக் கலை, அந்தத் தலைமுறையோடு மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது.

ஒற்றை சிலிண்டர் வண்டி உதறும் என்பது எல்லோருக்கும் தெரியும். "வண்டி ரொம்ப உதறுதே" என்று யாரிடம் போய்ச் சொன்னாலும், "புல்லட்டுன்னா அப்படித்தான் சார்" என்பார்கள். இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ரெடிட்சிலிருந்து திருவொற்றியூருக்கு

முதலில் வண்டி வந்த வழியைப் பார்ப்போம்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. ஆரம்பத்தில் சைக்கிள் செய்தவர்கள். என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932ல் வந்தது. நாம் அறிந்த உருவம், அதாவது பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350 சிசி புல்லட், இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, 1940களின் கடைசியில் வந்தது.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1955ல் ரெடிட்ச் கம்பெனியும் சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் இங்கேயே வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. 1967ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. தாய் போய்விட்டாள், பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு புல்லட் ஏற்றுமதி ஆகத் தொடங்கியது. வெளியே எங்கும் வண்டிகள் மாறிக்கொண்டே போக, நம் புல்லட்டின் இதயம் மட்டும் ஏறக்குறைய 1949ல் இருந்தபடியே ஐம்பது வருடத்துக்கு மேல் துடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் காலத்து அதிர்வும் அப்படியே நம்மிடம் தங்கிவிட்டது.

எங்கள் பக்கத்துச் சாலைகள்

பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. அரியலூர் 2001ல் தனியாகப் பிரிந்து, 2002ல் மறுபடி சேர்ந்து, 2007ல் திரும்பத் தனி மாவட்டம் ஆனது. நான் வேலைக்கு வந்த காலத்தில் ஒரு நல்ல பிஸ்டன் வேண்டும் என்றாலும் திருச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

புல்லட் வைத்திருந்தவர்கள் போலீஸ்காரர்கள், களப்பணி அலுவலர்கள், மிராசுதார்கள், அரிசி மில்காரர்கள், ஊருக்கு ஒன்றிரண்டு டாக்டர்கள். மேற்கே பச்சைமலை அடிவாரம், நடுவில் பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் காடு, கிழக்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமி. கரிசல் மண்ணில் போட்ட சாலை மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அரியலூர்ப் பக்கம் வேறு விதம். 1939லேயே டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. 1979ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடி ஓடி, சாலையில் தண்டவாளம் போலப் பள்ளம் விழுந்திருக்கும். இப்படிப்பட்ட சாலையில் வண்டி எதனால் உதறுகிறது, சாலையாலா, சக்கரத்தாலா, என்ஜினாலா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

ஆனால் எங்கள் மெக்கானிக்குகளுக்கு ஒரு முன்பயிற்சி இருந்தது. கிணற்றடியில் ஓடிய ஆயில் என்ஜின்தான் அது. பெரிய ஃப்ளைவீல் இரண்டு பக்கமும் சுற்ற, நிமிடத்துக்கு 600, 650 சுற்றில் டுக்கு டுக்கு என்று ஓடும் லிஸ்டர் வகை என்ஜின்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அஸ்திவார போல்ட் தளர்ந்தால் என்ஜின் எப்படித் துள்ளும், பெல்ட் ஏறுக்குமாறாக இருந்தால் எப்படி ஆடும் என்பது அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். புல்லட் அவர்களுக்குச் சக்கரம் வைத்த ஆயில் என்ஜின்தான்.

ஏன் உதறுகிறது?

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் சின்னக் கணக்குதான்.

புல்லட் 350ன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிராங்க் நிமிடத்துக்கு 2500 முதல் 3000 சுற்று சுற்றும். பிஸ்டனும் அதோடு ஓடும் பாகங்களும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3000 சுற்றில், மேலே போய் நின்று திரும்பும் அந்தக் கணத்தில், அந்த அரைக் கிலோ இரும்பும் அலுமினியமும் என்ஜினை மேல்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 225 கிலோ எடைக்குச் சமம். அடுத்த அரைச் சுற்றில் அதே மாதிரி கீழ்நோக்கி. நொடிக்கு ஐம்பது தடவை இப்படி.

வேகத்தைப் பாதியாக்கி 1500 சுற்றுக்கு வந்தால் இந்த விசை பாதியாகாது, நாலில் ஒன்றாகும். அதாவது 56 கிலோதான். வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சமாளிக்க, கிராங்கின் ஃப்ளைவீலில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஈடு எடை வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் எடை முழுவதற்கும் ஈடு வைத்தால் என்ன என்று தோன்றும். வைத்தால் மேலும் கீழுமான உதறல் போய்விடும், ஆனால் அதே அளவு முன்னும் பின்னுமாக உதறும். ஏனென்றால் பிஸ்டன் நேர்கோட்டில் ஓடுகிறது, ஈடு எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. அதனால் ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் ஈடு வைத்து, கொஞ்சம் மேல் கீழ், கொஞ்சம் முன் பின் என்று பங்கு போட்டுவிடுவார்கள். ஆக, புதிய புல்லட்டும் உதறத்தான் செய்யும். அது பிறவிக்குணம். அந்தப் பங்கு எந்த எடையுள்ள பிஸ்டனுக்காகப் போடப்பட்டதோ, அந்த எடை மாறினால் குணமும் மாறும்.

பாயின் மூன்று சோதனைகள்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பட்டறை. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம். அதை நடத்தியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை.

"சார், புல்லட்டு உதறுறது அதோட குணம். எப்பவும் உதறாத எடத்துல உதறுனா, எப்பவும் உதறாத வேகத்துல உதறுனா, அதுதான் வியாதி. குணத்துக்கு மருந்து கெடையாது. வியாதிக்கு உண்டு."

இரண்டையும் பிரிக்க அவர் மூன்று சோதனை வைத்திருந்தார். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் செய்துவிடுவார்.

ஒன்று, நிறுத்தி வைத்துப் பார்ப்பது. நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுவார். பிறவி உதறல் என்றால் வேகத்தோடு சீராக ஏறிக்கொண்டே போகும். ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் திடீரென்று கூடி, அதைத் தாண்டினால் குறைந்தால், எங்கேயோ ஒரு பாகம் தளர்ந்து, அந்த வேகத்துக்குத் தாளம் போடுகிறது என்று அர்த்தம்.

இரண்டு, ஓட்டும்போது கிளட்சைப் பிடிப்பது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 50, 60ல் போய், கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை மூடுவார். என்ஜின் அடங்கிவிடும், சக்கரம் மட்டும் ஓடும். உதறல் நின்றால் குற்றம் என்ஜின் பக்கம். நிற்காவிட்டால் சக்கரம், டயர், ஸ்போக்ஸ், பேரிங், பிரேக் டிரம் இவற்றில் ஏதோ ஒன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டு தடவைதான் சுற்றும், என்ஜினோ நாற்பது தடவைக்கு மேல். சக்கரத்துக் கோளாறு கைக்கு ஆட்டமாகத் தெரியும். என்ஜின் கோளாறு கூச்சமாக, எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். பழகிய கைக்குக் கிளட்ச் பிடிக்காமலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மூன்று, பாரம் ஏற்றுவது. பின்னால் பட்டறைப் பையனை உட்கார வைத்துக்கொண்டு டாப் கியரில் மெதுவான வேகத்திலிருந்து முறுக்குவார், அல்லது பச்சைமலைப் பக்கம் ஏற்றத்தில் விடுவார். பாரத்தில் மட்டும் உதறினால் எரிதலிலோ, சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியிலோ கோளாறு. டைமிங் முன்னால் தள்ளியிருக்கும். பாயிண்டுக்குக் கீழே இருக்கும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் சோர்ந்து, ஐடிலிங்கிலும் அட்வான்ஸிலேயே நின்றிருக்கும். அப்படி நின்றால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அல்லது செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்திருக்கும், பின் டிரம்முக்குள் இருக்கும் குஷன் ரப்பர் தேய்ந்திருக்கும். பிக் எண்டு போனால் வெறும் உதறல் அல்ல, டொக் டொக் என்ற சத்தமும் வரும். அதற்கு நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை கிராங்க் கேசில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான்.

இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் போல்ட்டுகளுக்கு வருவார். புல்லட்டின் சேசிஸில் என்ஜினுக்குக் கீழே குழாய் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றை டவுன் டியூபுக்கும் பின்பக்கக் குழாய்க்கும் நடுவில் என்ஜினே பாலம் மாதிரி நிற்கிறது. என்ஜினும் எலும்புக்கூட்டில் ஒரு எலும்பு. அதனால் என்ஜின் பிளேட் போல்ட்டுகள் தளர்ந்தால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகும். மேலே சிலிண்டர் ஹெட்டை சேசிஸோடு கட்டும் ஒரு சின்னப் பட்டை உண்டு. பார்க்க அற்பமாக இருக்கும். அது விட்டுப்போனால் டாங்க், ஹேண்டில்பார் எல்லாம் உதறும்.

போல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு வழி சொல்லிக் கொடுத்தார். ஓடும் என்ஜினில், பிளேட்டும் என்ஜினும் சேரும் கோட்டின்மேல் விரலைக் குறுக்கே வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் சரி. விரலுக்கு அடியில் ஒன்றையொன்று தேய்த்தால் தளர்ச்சி. இன்னொன்று, போல்ட் தலையைச் சுற்றிச் செந்நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மழையில் நனைந்த துரு வேறு, இது வேறு. இரும்பும் இரும்பும் உராய்ந்து உதிர்ந்த மாவு அது. "இதுதான் சார் வண்டி எழுதுற லெட்டர்" என்பார்.

1986ல் நடந்தது

இப்போது ஆரம்பத்தில் சொன்ன மீதிப் பாதிக்கு வருகிறேன்.

அந்த வருடம் என் வண்டியில் புகை வர ஆரம்பித்து, வெளியூரில் ஒரு பட்டறையில் ரீபோர் செய்தார்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிய அளவு பிஸ்டன் போட்டார்கள். புகை நின்றது. ஆனால் 50லிருந்து 60 வரை போகும்போது ஃபுட்ரெஸ்ட்டில் காலே வைக்க முடியாது. ஹெட்லைட் பல்பு மாதத்துக்கு ஒன்று போனது. நம்பர் பிளேட் விரிசல் விட்டது. செந்துறை போய்த் திரும்பினால் இரவு சாப்பிட உட்காரும்போது விரல்கள் மரத்திருக்கும். ரீபோர் செய்த இடத்தில் போய்ச் சொன்னேன். "ரன்னிங் இன் முடியட்டும் சார்" என்றார்கள். முடிந்த பிறகு போனேன். "புல்லட்டுன்னா அப்படித்தான் சார்" என்றார்கள்.

பாயிடம் கொண்டுபோனேன். மூன்று சோதனையும் செய்தார். நின்ற இடத்திலேயே உதறல் இருந்தது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கூடியது. சக்கரத்தின்மேல் குற்றம் இல்லை. முன் என்ஜின் பிளேட்டின் கீழ் போல்ட்டில் செந்தூள். ஸ்பிரிங் வாஷர் மாற்றி, செக் நட் போட்டு இறுக்கினார். வண்டி பூ மாதிரி ஓடியது, நாலு நாள். ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை.

இன்னொருவர் என்றால் மறுபடி இறுக்கி அனுப்பியிருப்பார். பாய் இறுக்கவில்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "போல்ட்டு தானா தளராது சார். எவனோ தளத்துறான். அவன் யாருன்னு பாக்கணும்" என்றார். பழைய பிஸ்டன் இருக்கிறதா என்று கேட்டார். ரீபோர் செய்தவர்கள் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள், டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கி, புதிய பிஸ்டனை எடுத்தார். இரண்டையும் பின்னோடும் ரிங்கோடும் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனோம். தராசில் இரண்டு தட்டிலும் வைத்தார். புதியதன் தட்டு இறங்கியது. பழையதன் பக்கம் 20 கிராம் கல் போட்டும் எழவில்லை, இன்னொரு 20 போட்ட பிறகும் லேசாக இறங்கியே நின்றது.

நாற்பது கிராம்தானே என்று கடைக்காரர் சிரித்தார். மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். 3000 சுற்றில் 40 கிராம் கூடுதல் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 18 கிலோ கூடுதல் இழுப்பு. அதற்கு ஈடு எடை ஃப்ளைவீலில் இல்லை. நொடிக்கு ஐம்பது தடவை ஒரு பெரிய சுத்தியலால் அந்த போல்ட்டை அடித்துக்கொண்டே இருந்த மாதிரி.

பாய் அதோடும் நிறுத்தவில்லை. "இத்தன நாளு அடிச்சிருக்கு. அடி எங்க விழுந்திருக்குன்னு பாத்துருவோம்" என்று டவுன் டியூபின் அடிப்பகுதியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். ஊறவிட்டு, பழந்துணியால் ஈரமே தெரியாமல் துடைத்தார். பிறகு நைசான சுண்ணாம்புத் தூளைத் தடவி, இரும்பை மரச்சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், முன் பிளேட் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெள்ளையில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. குழாயில் விரிசல். உள்ளே போயிருந்த எண்ணெய், தட்டத் தட்ட வெளியே கசிந்து சுண்ணாம்பில் ஊறிக் கோடாகக் காட்டிக் கொடுத்தது. பெயிண்டுக்கு மேலே சும்மா பார்த்தால் எதுவுமே தெரியாது.

இந்த வித்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த அவருடைய மாமா சொல்லிக் கொடுத்ததாம். பின்னால் படித்தபோது தெரிந்தது, உலகம் முழுவதும் ரயில்வேக்காரர்கள் வண்டிகளின் அச்சில் விரிசல் பார்க்க இந்த எண்ணெயும் சுண்ணாம்பும் முறையைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நம்பியிருந்தார்கள். இன்று விமான பாகங்களுக்குச் சாயம் பூசிப் பார்க்கும் சோதனை இதன் பேரப்பிள்ளைதான்.

அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் சுற்றி வந்திருந்தால் குழாய் முறிந்திருக்கும். என்ஜினுக்குக் கீழே வேறு குழாய் இல்லாத வண்டி அது. வேகத்தில் முறிந்தால் நடுவில் மடங்கும். அந்த மாதங்களில் என் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே அரியலூர் சாலையில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். பாய் சுண்ணாம்பு படிந்த விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார்.

சேசிஸைத் தனியாகக் கழற்றி திருச்சிக்கு அனுப்பி, குழாய்க்கு உள்ளே ஸ்லீவ் கொடுத்துப் பற்றவைத்தோம். எடை ஒத்துப்போகும் பிஸ்டனைத் தேடி வாங்கினோம். அதன்பிறகு அந்த போல்ட் தளரவே இல்லை. வண்டி 2003 வரை ஓடியது.

தளர்ந்த போல்ட் நோய் அல்ல, நோயின் அடையாளம். எடை கூடிய பிஸ்டன் போல்ட்டைத் தளர்த்தியது, தளர்ந்த போல்ட் குழாயை வெடிக்க வைத்தது. கடைசியில் தெரிவதை மட்டும் சரிசெய்தால் முதலில் இருப்பது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மற்ற வண்டிகள், மரத்துப்போன கைகள்

அந்தக் காலத்தில் மற்ற ஒற்றை சிலிண்டர் வண்டிகளும் இருந்தன. 1961 முதல் மைசூரில் செய்த ஜாவாவுக்கு இரண்டு சைலன்சர் இருந்ததால் இரண்டு சிலிண்டர் என்று பலர் நினைத்தார்கள், உண்மையில் ஒன்றுதான். ஜாவாவும் ராஜ்தூத்தும் டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிவதால் ஓட்டம் சீராகத் தோன்றும். 1985ல் யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 இரண்டும் வந்தன. அவையும் ஒற்றை சிலிண்டர்தான். ஆனால் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டம், ஓடும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. சின்னப் பிஸ்டன், சின்ன எடை, சின்ன உதறல். அந்த வண்டிகளைப் பார்த்துத்தான் நம் ஆட்களுக்கு, உதறாமலும் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடும் என்பதே தெரிந்தது.

நேர் எதிர்ப்பக்கம் டீசல் புல்லட். 1990களில் கம்பெனியே 325 சிசி டீசல் என்ஜின் வைத்து டாரஸ் என்ற பெயரில் விற்றது. ஆறரைக் குதிரைத்திறன்தான். மைலேஜுக்காக வாங்கினார்கள். பெட்ரோல் புல்லட்டில் காற்றை ஆறரை மடங்கு அழுத்தினால், டீசலில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அடியும் அப்படியே. ஐடிலிங்கில் நிற்கும்போது கண்ணாடியில் முகம் தெரியாது.

கை மரத்துப்போவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், 1918ல் இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் கல் செதுக்கும் தொழிலாளர்களைப் பரிசோதித்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து, உணர்வு இழந்து போவதைப் பதிவு செய்தார். அவர்கள் வெட்டியதும் சுண்ணாம்புக்கல்தான், நம் அரியலூர் மாதிரியே. அதிர்வு கையின் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும் என்பதை அன்றே மருத்துவம் பார்த்துவிட்டது. அதனால் வண்டியின் உதறலைக் கவனிப்பது வண்டிக்காக மட்டும் அல்ல.

இப்போது

1994ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய என்ஜின் 2010ஐ ஒட்டி விடைபெற்றது. 2020ல் மீட்டியோர், 2021ல் கிளாசிக், 2023ல் புல்லட் என்று வரிசையாகப் புதிய 349 சிசி என்ஜின் வந்தது. அதில் கிராங்குக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டு இருக்கிறது. அதே வேகத்தில், எதிர்த் திசையில் சுற்றும். முன்னே சொன்னேனே, ஈடு எடை வைத்தால் உதறல் முன்னும் பின்னுமாக மாறிவிடும் என்று? அந்த முன் பின் உதறலை இந்த இரண்டாவது தண்டின் எடை எதிராக இழுத்து அடக்கிவிடுகிறது. யோசனை நூறு வருடத்துக்கு முந்தையது. நம் வண்டிக்கு இப்போதுதான் வந்தது.

என் தம்பி மகன் அந்த வண்டி வைத்திருக்கிறான். ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நண்பர்களே, ஒன்று கவனித்தேன். பிறவிக்குணம் போனதால், வியாதி வந்தால் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். இதில் புதிதாக உதறல் வந்தால், "புல்லட்டுன்னா அப்படித்தான்" என்று சொல்ல யாருக்கும் இடமே இல்லை.

பழைய வண்டியை இன்னும் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாதம் ஒரு முறை வண்டியைத் துடைக்கும்போது என்ஜின் பிளேட் போல்ட்டுகளைச் சுற்றிச் செந்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டுக்கு மேலே உள்ள பட்டையை அசைத்துப் பாருங்கள். ரீபோர் செய்தால் பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கி, புதியது உள்ளே போவதற்கு முன்பே இரண்டையும் தராசில் வையுங்கள். ஒரே போல்ட் இரண்டாவது முறை தளர்ந்தால், மூன்றாவது முறை இறுக்காதீர்கள். யார் தளர்த்துகிறார்கள் என்று தேடுங்கள்.

பாய் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வேப்பமரம் மட்டும் இருக்கிறது.